ஒட்டுசுட்டானிலிருந்து தினமும் வவுனியா: அல்டோவா, டீசல் கொரோலாவா, அக்வாவா?

வீட்டில் ஏற்கெனவே ஒரு வாகனம் இருக்கிறது, ஆனால் அது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். அவருடைய பள்ளிக்கூடம் முள்ளியவளைப் பக்கம், என்னுடைய வேலை வவுனியாவில், இரண்டும் எதிரெதிர்த் திசை. மாங்குளம் வந்து ஏ9 பெருவீதியில் ஏறினால் போக வர ஏறக்குறைய 130 கிலோமீற்றர். நெடுங்கேணி வழி கிட்டத்தான், ஆனால் இருட்டில் அந்தக் காட்டுப் பாதையில் யானைக்கு முன்னால் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. ஒன்றரை வருடம் மோட்டார் சைக்கிளில் ஓடினேன். மாரியில் நனைந்ததைக்கூடத் தாங்கினேன், நாரிதான் தாங்கவில்லை. பஸ் காலையில் சரி, பின்னேரம் மாங்குளத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்காக நிற்கிற நேரத்தில் பிள்ளைகள் படுத்துவிடுவார்கள். ஆகவே மலிவாக இரண்டாவது கார் ஒன்று. மூன்று மாதம் தேடி மூன்றில் வந்து நின்றேன்: சின்னப் பெற்றோல் கார் சுசுகி அல்டோ 800, பழைய டீசல் டொயோட்டா கொரோலா, ஹைபிரிட்டான டொயோட்டா அக்வா.

முதலில் எரிபொருள், ஏனென்றால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். மாதம் 22 நாள் என்றால் 2,860 கிலோமீற்றர். அல்டோ 800 இந்த ரோட்டில் லீற்றருக்கு 18 ஓடும், 159 லீற்றர் வேண்டும். 110 உடம்பு என்கிற பழைய மாடல் டீசல் கொரோலா 14 ஓடினால் 204 லீற்றர். அக்வா 22 ஓடினால் 130 லீற்றர். கணக்குக்கு பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அல்டோவை விட அக்வா மாதம் 8,700 ரூபாய் மிச்சம் பிடிக்கும், வருடத்துக்கு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நான் பார்த்த அக்வாக்களுக்கும் அல்டோக்களுக்கும் விலை வித்தியாசம் 25 லட்சத்துக்கு மேல் இருந்தது. அந்தக் காசை எரிபொருளில் திரும்ப எடுக்க 24 வருடம் ஓட வேண்டும்! லீசிங் வட்டியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அக்வா கெட்ட வாகனம் என்று சொல்லவில்லை. கொழும்பிலோ கண்டியிலோ நின்று நின்று போகிறவருக்கு அது அருமையான வாகனம், பிறேக் பிடிக்கிறபோது வீணாகிற சக்தியைப் பற்றரியில் சேர்த்துத் திரும்பத் தருவதுதான் ஹைபிரிட்டின் முக்கியமான இலாபம். மாங்குளத்தில் ஏறி ஓமந்தை வரை ஒரே வேகத்தில் போகிறவனுக்கு பிறேக் பிடிக்க இடம் எங்கே இருக்கிறது? இலாபம் சுருங்கிவிடுகிறது. இன்னொன்று புழுதி. பின் சீற்றுக்குக் கீழே பற்றரி, அதற்குக் காற்று போகிற துவாரம் சீற்றின் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் கிரவல் ஒழுங்கையில் சோளகம் வீசுகிற மாதங்களில் அது அடைபட்டால் பற்றரி சூடாகி ஆயுள் குறையும். பார்த்ததில் ஒன்று “செல் மாற்றின” வாகனம். பற்றரியின் இருபது துண்டில் பழுதான இரண்டை மாத்திரம் மாற்றினால் மற்றப் பதினெட்டும் பழையதுதானே, அடுத்தது எப்போது போகும் என்று காத்திருக்க வேண்டியதுதான்.

மாங்குளத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணை ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டபோது, “தம்பி, அல்டோவெண்டால் நான் ரோட்டுக்கரையிலயே திருத்தித் தருவன். அக்வாவெண்டால் கட்டியிழுத்துக்கொண்டு வவுனியாவுக்குத்தான் போகவேணும்” என்றார். என் முடிவில் பாதி அங்கேயே எடுபட்டுவிட்டது. தினமும் ஓடுகிறவனுக்கு வாகனம் மூன்று நாள் கராச்சில் நின்றால் மூன்று நாள் சம்பளமும் போகும்.

டீசல் கொரோலாவை நான் மனதார விரும்பினேன், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் வயதுக்காரர் எல்லோருக்கும் அது ஒரு மரியாதை. இருக்கை அகலம், ரோட்டில் பாரமாக இருந்து ஓடும், சாமான் எல்லா ஊரிலும் கிடைக்கும். ஆனால் அந்த உடம்பு 1995க்கும் 2000க்கும் இடைப்பட்டது, அதன் 2சி டீசல் எஞ்சின் ஒருமுறை நன்றாகச் சூடேறினால் எஞ்சின் ஹெட்டில் வெடிப்பு விழுந்துவிடும், எங்கள் பங்குனி சித்திரை வெயிலில் பழைய ரேடியேற்றரை நம்பி மத்தியானம் ஓட எனக்குத் துணிவில்லை. ரைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டால் விற்கிறவர்கள் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. புகைப் பரிசோதனையும் வருடா வருடம் தலையிடி. டீசல் லீற்றருக்கு 20 ரூபாய் குறைந்தாலும் மாதச் செலவு அல்டோவை விட ஒன்பதாயிரம் கூட வருகிறது.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டையும் நினைக்கத்தான் வேண்டும். 92 பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனது அந்த ஆனியில். அடுத்த மாதம் கியூஆர் பங்கீடு வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். என்னுடைய ஐந்து நாள் ஓட்டத்துக்கு அல்டோவுக்கே 36 வேண்டும், அக்வாவுக்கு 30, எதுவும் காணாது. ஆகவே “இனியும் அப்படி வந்தால்” என்ற பயத்தில் அக்வா எடுக்கச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும்.

இப்போது அல்டோவின் பெரிய குறை. 2014இல் குளோபல் என்கேப் என்கிற கார்ப் பாதுகாப்பு அமைப்பின் மோதல் பரிசோதனையில் இந்த அல்டோ 800 பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் எடுக்கவில்லை. நான் பார்த்தவற்றில் ஏர்பாக்கும் இல்லை. எடை 700 கிலோ அளவுதான், கொழும்பு பஸ் ஒன்று முந்திப்போனால் வாகனம் ஆடுவது ஸ்ரேரிங்கில் தெரியும். கனகராயன்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் கட்டாக்காலி மாடுகள் ரோட்டின் சூட்டுக்கு நடுவிலேயே படுத்திருக்கும், கறுப்பு மாடு கிட்டப் போகும்வரை தெரியாது. அந்த இடத்தில் ஏர்பாக் உள்ள அக்வா ஆயிரம் மடங்கு மேல். இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் வேலை முடியும் என்றால் அல்டோ எடுக்க வேண்டாம், கடன்பட்டாவது பாரமான வாகனம் ஒன்றைப் பாருங்கள்.

எனக்கு நாலரைக்கு வேலை முடிகிறது, பொழுதுபடுகிற நேரம் வீடு வந்துவிடலாம். ஊர்மனைக்கு வெளியே காருக்குச் சட்ட வேகமே 70தான், அல்டோவும் 60க்கும் 70க்கும் இடையில்தான் நன்றாக எரிபொருள் மிச்சம் பிடிக்கிறது. அல்டோவையே எடுத்தேன். எடுத்தவுடன் முன்விளக்குக் கண்ணாடி இரண்டையும் மாற்றினேன், பழையது மஞ்சளாகி வெளிச்சம் பத்தடி போகவில்லை. 12 அங்குல ரயர் குழியில் விழுந்தால் றிம் நெளியும், அதனால் நாலும் புதிது.

கடைசியாகப் பேப்பர். முதலில் பிடித்த வாகனத்தை இதற்காகவே விட்டேன். சிஆர் என்கிற வாகனப் பதிவுப் புத்தகத்தில் ஒருவருடைய பெயர், விற்கிறவர் வேறொருவர், இடையில் மூன்று கை மாறி, பெயர் மாற்றாமல் ஓப்பின் பேப்பரில் ஓடியிருக்கிறது. முதல் சொந்தக்காரரைக் கேட்டால் வெளிநாடு என்றார்கள். விலை இரண்டு லட்சம் குறைவு, தரகர் அன்றைக்கே காசு தரச் சொன்னார், திரும்பி வந்துவிட்டேன். இப்போது எடுத்ததில் லீசிங் முடிந்த கடிதத்தையும் புத்தகத்தையும் கையில் வாங்கி, பெயர் மாறும்வரை ஐம்பதாயிரம் ரூபாயைக் கொடுக்காமல் வைத்திருந்தேன். விற்றவர் நல்ல மனிதர், கோபிக்கவில்லை.