கோட்டூர் காப்புக்காடு யானை மையம்: நெல்லைக்காரர்கள் அவசியம் போகலாம்

கோயில் வாசலில் நிற்கும் யானையை மட்டுமே பார்த்து வளரும் நம்ம ஊர்ப் பிள்ளைகளை ஒரு தடவையாவது கோட்டூர் காப்புக்காட்டுக்குக் கூட்டிப் போங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாறு அணைத் தண்ணீரை ஒட்டி 2006-இல் கேரள வனத்துறை தொடங்கிய யானை மறுவாழ்வு மையம் இது. ஏதோ தூர தேசம் இல்லை, பாபநாசத்தில் நின்றால் தெரிகிற நம்ம பொதிகை மலையின் மறுபக்கம்தான். இந்தப் பக்கம் தாமிரபரணி இறங்குகிறது, அந்தப் பக்கம் நெய்யாறு.

தாயைப் பிரிந்து தவித்த கன்றுகள், ஆயுசு பூரா உழைத்து ஓய்ந்த யானைகள் என்று இரண்டு வகையும் இங்கே உண்டு. மனிதர் கையில் பால் குடித்து வளர்ந்த கன்றைக் காட்டுக் கூட்டம் திரும்பச் சேர்த்துக்கொள்வது அரிது. வளர்ப்பதும் லேசான காரியம் இல்லை. 2021-இல் ஹெர்பிஸ் வைரஸ் தாக்கி இங்கே இரண்டு கன்றுகள் இறந்துபோயின.

குளியல் நேரத்தை முதலிலேயே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள், பார்க்க வேண்டியதே அதுதான். யானை தண்ணீருக்குள் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ள, பாகன் தேய்த்துவிட, தும்பிக்கை நுனி மட்டும் மூச்சுக்காக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். எத்தனை நேரம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. அப்புறம் கேழ்வரகும் அரிசியும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்த உருண்டையை வாயிலேயே ஊட்டுவார்கள்.

ஆனால் என் மனதில் நின்றது அங்கே யானைகள் காலூன்றி நிற்கிற மண்தான். நம்ம நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதிக்குக் கடைசிக் காலத்தில் மூட்டுவலி வந்து, பக்தர்கள் 2022-இல் தோல் செருப்பு செய்து போட்டார்களே, ஞாபகம் இருக்கும். 2025 ஜனவரியில் அது இறந்தபோது ஊரே அழுதது, நானும் அழுதேன். கல் தளத்திலும் தார் ரோட்டிலும் காலம் தள்ளும் யானைக்குப் பாதமும் மூட்டும்தான் முதலில் கெடும். அவ்வளவு பாசம் வைத்திருக்கிற நாம், வயதான கோயில் யானைகளுக்குப் பொதிகையின் நம்ம பக்கத்திலும் இப்படி மண்ணும் மரநிழலும் தண்ணீருமாக ஓர் இடம் கேட்க வேண்டும் என்று உறுதியாகத் தோன்றியது.

அவிழ்த்துவிட்ட காட்டு யானைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இவை வளர்ப்பு யானைகள், பாகனும் இருப்பார், சங்கிலியும் இருக்கும். போட்டோ எடுக்கிறேன் என்று கன்றுக்குக் கிட்டே போய்க் கூச்சல் போடுகிறவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது, பாகன் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாலும் சிலர் நகர்வதில்லை.

காரில் போகிறவர்கள் நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை, குற்றிச்சல் வழியாகப் போகலாம். விடியுமுன் கிளம்பிவிடுங்கள். வைகாசிக் கடைசியிலிருந்து அந்தப் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும், அதற்கு முன்னாலோ தை, மாசியிலோ போனால் நல்லது. சாப்பாட்டுக்குப் புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள், வழியில் நாங்கள் நுழைந்த ஓட்டலில் சோறும் ஆறிக் கிடந்தது, விலையும் அதிகம்.