அரபிகாவா, எக்செல்சாவா? புது கூட்டாளி தேடும் காபி வியாபாரிகளுக்கு

அடுத்த ஆண்டுக்கு வெளிநாட்டு விவசாயிகளோடு கைகோர்க்கும்போது பழகிய அரபிகா காபியிலேயே இருப்பதா, எக்செல்சா என்ற இன்னொரு காபி வகைக்கும் இடம் கொடுப்பதா என்று பலர் தடுமாறுகிறார்கள்.

சுவை: அரபிகாவில் பூமணமும் தெளிவான புளிப்பும். எக்செல்சாவில் பழச்சாயல், பதப்படுத்துவதில் பிசகினால் அது வீணாகிவிடும்.

கிடைப்பது: அரபிகா உலக உற்பத்தியில் பாதிக்கும் மேல், எத்தியோப்பியா முதல் கொலம்பியா வரை ஆள் உண்டு. எக்செல்சாவுக்கு உகாண்டா, தெற்கு சூடான், வியட்நாம் என்று சில இடங்கள்தான், அதுவும் சிறிய அளவில்.

தாங்கும் சக்தி: இங்கேதான் யோசிக்க வேண்டும். அரபிகாவின் மரபணு வளம் மிகக் குறுகியது, குளிர்ந்த மலைப்பகுதி கேட்கும், இலைத்துரு நோய்க்கு எளிதில் விழும். 1869-இல் இலங்கையில் தென்பட்ட அந்த நோய் அங்கே காபித் தொழிலையே சாய்த்தது. எக்செல்சா ஆழமாக வேர்விட்டு, தாழ்வான சூடான நிலத்திலும் வளரும். 124 காபி இனங்களில் 60 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2019-இல் பிரிட்டனின் கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள்.

வேலை: எக்செல்சா உயரமான மரம், கவாத்து செய்யாவிட்டால் பறிக்க ஏணி வேண்டும். அரபிகா எளிது.

மாதாமாதம் ஒரே சுவையில் பெரிய அளவு தர வேண்டியவர்களுக்கு அரபிகாதான் சரி. சிறு அளவில் விற்று, வாடிக்கையாளரிடம் பேச நேரமும் இருந்தால், எக்செல்சாவில் ஒரே ஒரு கூட்டாளியோடு ஆரம்பியுங்கள், அப்புறம் குறைந்தது மூன்று அறுவடையாவது அவரை விடாதீர்கள்.