"எந்த வெயிலுக்கும் காய்க்கும்" என்று விற்கும் தக்காளி நாற்று: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன கோடையில் பன்னிரண்டு தக்காளி நாற்று வாங்கினேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை. செடி போனதோடு நின்றிருந்தால் மனதை ஆற்றிக்கொண்டு விட்டிருப்பேன். நாற்றோடு வந்த வாடல் நோய், ஆறு வருடமாகப் பார்த்துப் பார்த்து நான் தேற்றிய பாத்தி மண்ணையும் கெடுத்துவிட்டது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வீட்டுத்தோட்டம் போடுகிற வேறு யாருக்கும் இது நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் வழக்கமாக விதை போட்டு நானே நாற்று எடுப்பவள். அந்த முறை வேலைகள் இழுத்துவிட்டன, விதைக்கும் காலம் தப்பிவிட்டது. நாற்றுப்பண்ணை ஒன்றில் "வெப்பம் தாங்கும் ஸ்பெஷல் தக்காளி" என்று தனியாக அடுக்கி வைத்திருந்தார்கள். மற்ற நாற்றைவிட மூன்று மடங்கு விலை. ரகத்தின் பெயர் என்ன என்று பண்ணைக்காரரிடம் கேட்டேன். "இது ஹைபிரிட் மேடம், எந்த வெயில் அடிச்சாலும் கொத்துக் கொத்தா காய்க்கும், நான் கேரண்டி" என்றார். பெயரைச் சொல்லவே இல்லை. குச்சியில் கையால் எழுதிச் செருகியிருந்த அட்டையிலும் 'ஸ்பெஷல்' என்பதைத் தவிர எதுவும் இல்லை. நாற்றுகளோ சின்னக் கப்பிலேயே பூ விட்டிருந்தன. அதைப் பார்த்துத்தான் நானும் மயங்கினேன். இப்போதே பூத்துவிட்டது, சீக்கிரம் காய்க்கும் என்று நினைத்தேன்.

அது நேர்மாறான அடையாளம். நடுவதற்கு ஏற்ற தக்காளி நாற்றுக்கு நாலைந்து வாரம்தான் வயது இருக்க வேண்டும். தண்டு பென்சில் கனத்துக்கு நெருங்கியிருக்கும், பூ இருக்காது. கப்பிலேயே பூத்த நாற்று என்றால் வேர் சுற்றிச் சுற்றி வளர இடமில்லாமல், இனி பிழைக்க முடியுமோ என்று அவசரமாகப் பூத்த கிழட்டு நாற்று. விற்காமல் தேங்கியதை 'ஸ்பெஷல்' ஆக்கியிருக்கிறார்கள்.

எட்டைப் பாத்தியில் வைத்தேன். இரண்டைப் புது மண்கலவை போட்டுத் தனியாகக் க்ரோ பேக்கில் வைத்தேன். மீதி இரண்டும் ஏதாவது செத்தால் மாற்றி நட உதவும் என்று அதே கப்பிலேயே கிடந்தன. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செடி நன்றாகத்தான் எழுந்தது. மூன்றாவது வாரத்தில் பூ கொட்ட ஆரம்பித்தது. தக்காளிப் பூக்காம்பின் நடுவில் கணு மாதிரி ஒரு சின்ன முடிச்சு இருக்கும், கவனித்திருப்பீர்கள். முதலில் அந்த முடிச்சு மஞ்சளாகும். பிறகு விரல் பட்டாலே போதும், பூ அதோடு கழன்று கையில் வரும். தினமும் காலையில், மண்ணை மூடிப் பரப்பியிருந்த மூடாக்கின் மேல் மஞ்சள் மஞ்சளாகக் கிடக்கும். ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை.

படம் எடுத்துப் பண்ணைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சத்துக் குறைபாடு மேடம், பூ நிற்க ஒரு டானிக் இருக்கு, வாங்கிட்டுப் போங்க" என்று பதில் வந்தது. போய் வாங்கினேன். புட்டியில் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. காய்பிடிப்புக்கான ஹார்மோன் மருந்துகள் இருப்பது உண்மைதான், பெரிய பண்ணைகளில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பெயரே போடாத புட்டிக்கு அந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. மூன்று முறை தெளித்தேன். பூ உதிர்வது நிற்கவில்லை.

அதற்குப் பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. தக்காளி பகல் வெயிலைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும், இரவுப் புழுக்கத்தைத்தான் தாங்காது. இரவில் 21 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே காய்பிடிப்பு குறையத் தொடங்கும். பகலில் 32 முதல் 35, இரவில் 24-க்கு மேல் என்று நாள்கணக்கில் நீடித்தால் சாதாரண ரகங்களில் பெரும்பாலான பூ கொட்டிவிடும். மகரந்தம் கெடுவதும் பூ விரிந்த பிறகு நடப்பதில்லை. மொட்டாக இருக்கும்போதே, விரிவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே சூடு அதைக் கெடுத்துவிடுகிறது. விரிந்த பூவில் தெளிக்கிற டானிக் கெட்டுப்போன மகரந்தத்தை எப்படிச் சரிசெய்யும்? இது போதாதென்று காற்றில் ஈரம் மிகுந்தால் மகரந்தம் பிசுபிசுப்பாகி, உதிர வேண்டியது உதிராமல் பைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். வெயிலும் புழுக்கமும் சேர்ந்த கோடையில் தக்காளி தோற்பது இந்த இரண்டாலும்தான். செடிக்குப் பசி என்று நினைத்து உரத்தைக் கொட்டினால் இலைதான் மதமதவென்று வளரும்.

வெப்பம் தாங்கும் ரகங்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தைவானில் 1971-ல் தொடங்கிய உலகக் காய்கறி மையம் வெப்பமண்டலச் சமவெளிகளுக்கென்றே தக்காளி வரிசைகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்து வந்திருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட ரகத்துக்கும் அர்த்தம் ஒன்றுதான்: மற்றது கைவிடுகிற சூட்டைவிடச் சில டிகிரி கூடுதலாகப் போனாலும் இது ஓரளவு காய் பிடிக்கும். 'எந்த வெயிலுக்கும்' என்று யார் சொன்னாலும் அது பொய். நல்ல ரகம் என்றால் அதற்கு ஒரு பெயர் இருக்கும். விற்பவரால் அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள்.

பூ உதிர்ந்ததோடு போயிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. ஐந்தாவது வாரம், ஒரு நாள் மதியம், பாத்தியின் ஓரத்தில் இருந்த செடியின் நுனிக்கொழுந்து மட்டும் தொங்கியது. வெயிலுக்குத் துவள்கிறது என்று நினைத்தேன், சாயங்காலம் நிமிர்ந்தும் விட்டது. மறுநாள் பாதிச் செடி துவண்டது. மூன்றாம் நாள் காலையில், வெயில் ஏறும் முன்பே, முழுச் செடியும் வெந்நீர் ஊற்றியது போலக் கிடந்தது. இலையோ பச்சைப் பசேலென்று இருந்தது. மறுபடியும் படம் அனுப்பினேன். "தண்ணி பத்தல மேடம், ரெண்டு வேளையும் நல்லா ஊத்துங்க."

ஊற்றினேன். நான்கு நாளில் அதன் பக்கத்துச் செடி, அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது.

பக்கத்து வீட்டு அக்கா என்னைவிடப் பல வருடம் மூத்த தோட்டக்காரி. வந்து பார்த்ததும், "ஏம்மா, இலை மஞ்சளே ஆகாம பச்சையாவே துவண்டிருக்கே, இதுக்குப் போய் தண்ணி ஊத்துறியே" என்று பதறிவிட்டார். ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். துவண்ட செடியின் அடித்தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். உள்ளே வெண்மையாக இருக்க வேண்டிய இடம் பழுப்பாக இருந்தது. துண்டின் வெட்டிய முனை மட்டும் தண்ணீரில் முங்கும்படி அசையாமல் பிடித்துக்கொண்டார். இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். வெட்டுவாயிலிருந்து பால் போல வெள்ளையாக ஓர் இழை மெல்ல இறங்கியது, ஊதுவத்திப் புகையைத் தலைகீழாகப் பார்ப்பது போல. பிறகு இன்னொரு இழை. கொஞ்ச நேரத்தில் தம்ளர்த் தண்ணீரே கலங்கிவிட்டது. அந்த வெள்ளை முழுவதும் பாக்டீரியா. செடியின் நீர்க்குழாய்களை அடைத்துக்கொண்டிருந்தது அதுதான். மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் இலைக்கு ஏறாது.

இது பாக்டீரியா வாடல் நோய். கிருமியின் பெயர் ரால்ஸ்டோனியா சோலனேசியாரம். எர்வின் ஸ்மித் என்ற அறிவியலாளர் 1896-லேயே இதை விவரித்துவிட்டார். தக்காளி நாற்று விற்றுப் பிழைக்கிறவருக்கு இது தெரியாத நோயாக இருக்க நியாயமே இல்லை. மண்ணின் சூடும் ஈரமும் சேர்ந்தால் இது காட்டுத்தீ போலப் பரவும். எனக்குச் சொன்ன யோசனையோ "ரெண்டு வேளையும் ஊத்துங்க." வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் தாக்கும். மண்ணில் வருடக்கணக்கில் இருக்கும்.

"உங்க மண்ணுல இருந்திருக்கும் மேடம்" என்றுதான் பண்ணைக்காரர் சொன்னார். அதற்குத்தான் முதலில் சொன்ன கணக்கு. க்ரோ பேக்கில் புதுக் கலவையில் வைத்த இரண்டும் அதே போலத் துவண்டு செத்தன. என் பாத்தி மண்ணையே தொடாமல், அவர் கொடுத்த கப்பிலேயே கிடந்த இரண்டில் ஒன்றும் துவண்டது. அதன் தண்டையும் வெட்டித் தம்ளரில் பிடித்தேன். அதே வெள்ளை இழை. அதை வீடியோ எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கான நீல அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. நேரில் போனபோது, "நடற வரைக்கும்தான் எங்க பொறுப்பு" என்றார். கேரண்டி என்று சொன்னீர்களே என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு ஆளிடம் பேசப் போய்விட்டார். அடுக்கில் அதே கப்புகள், அதே கையெழுத்து அட்டைகள்.

பணம் திரும்பி வரவில்லை, நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. அந்த நாற்றை விற்பதையாவது நிறுத்தியிருக்கலாம். எத்தனை பேர் வீட்டு மண்ணுக்கு அது போயிருக்கிறது என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சரி, உங்களுக்குப் பயன்படுவதைச் சொல்கிறேன். நாற்று வாங்கும்போது கப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து மண்கட்டியை உருவிப் பாருங்கள். வேர் வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாகவோ, கப்பைச் சுற்றிக் கயிறு திரித்தது போலவோ இருந்தால் வேண்டாம். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் அது நூற்புழு, அதுவும் மண்ணைக் கெடுக்கிற சரக்குதான். நாற்றுத் தட்டை லேசாகத் தட்டிப் பாருங்கள். சின்ன வெள்ளை ஈக்கள் எழுந்து பறந்தால் இலைச்சுருட்டு வைரஸையும் சேர்த்து வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். கவிழ்த்துப் பார்க்க விடமாட்டேன் என்று சொல்கிற இடத்தில் வாங்கவே வேண்டாம். எங்கே வாங்கினாலும் நேராகப் பாத்தியில் நடாதீர்கள். பத்துப் பதினைந்து நாள் தனியாக, அதற்கென்று வேறு வாளி, வேறு கத்தி வைத்துப் பாருங்கள். என் நாற்றுகள் ஐந்தாவது வாரம்தான் துவண்டன, அதனால் இது முழுக் காவல் ஆகாது, ஆனாலும் செய்யுங்கள். ஒரு செடி பச்சையாகத் துவண்டால் முதலில் தம்ளர்ச் சோதனை, அப்புறம்தான் தண்ணீர். இழை வந்தால் செடியை வேர் மண்ணோடு பெயர்த்துப் பைக்குள் கட்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போட்டுவிடாதீர்கள்.

வாடல் ஏற்கெனவே இருக்கும் மண்ணில் ஓரளவு கைகொடுப்பது ஒட்டுக்கட்டிய நாற்று, அதாவது நோய் தாங்கும் ஒரு செடியின் வேர்ப்பகுதி மேல் (அதுதான் வேர்ச்செடி) நமக்கு வேண்டிய தக்காளியின் தண்டைப் பொருத்தி வளர்த்தது. உலகக் காய்கறி மையம் வாடலைத் தாங்கும் கத்தரி வகைகளை, குறிப்பாக ஈஜி 203 என்பதை, வேர்ச்செடியாகப் பரிந்துரைக்கிறது. தண்ணீர் தேங்கினாலும் அது தாங்கும். தக்காளியிலேயே ஹவாய் 7996 என்ற வரிசையும் உண்டு. சாதாரணத் தக்காளியைத் தண்டு புதைய ஆழமாக நடுவோம் இல்லையா, ஒட்டு நாற்றை அப்படி நடக்கூடாது. ஒட்டுக்கு மேலே உள்ள தண்டு மண்ணைத் தொட்டால் அங்கிருந்து வேர்விட்டு, ஒட்டியதன் பலனே போய்விடும்.

பூ உதிர்வதற்கு என்னிடம் உள்ள நேர்மையான பதில், கடும் புழுக்க வாரங்களில் பூக்காதபடி விதைப்பை முன்னே பின்னே தள்ளுவதுதான். தள்ள முடியவில்லை என்றால் செர்ரி வகை வையுங்கள், பெரிய காய் ரகங்களைவிடச் சூட்டில் நன்றாகப் பிடிக்கும். மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள். காலையில் ஈரம் உலர்ந்ததும் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். டானிக்குக்குக் காசு கொடுக்காதீர்கள்.

என் பாத்தி இப்போது தெளிவான பாலித்தீன் தாளுக்கு அடியில் இருக்கிறது. மண்ணை நனைத்து, ஓரங்களை இறுக்கிப் புதைத்து, ஆறு வாரம் வெயிலில் வேகவிட்டிருக்கிறேன். மேல்மண்ணில் கிருமி குறையும், ஆழத்தில் இருப்பது சாகாது என்று தெரிந்துதான் செய்கிறேன். தாளை எடுத்ததும் மக்காச்சோளம் விதைக்கப் போகிறேன். இன்னும் சில வருடங்களுக்கு அங்கே தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வைக்க முடியாது.