பல்லுக்கு விளிம்பு கொடுக்காதே: வீட்டு முயலும் மரச்சாமானும், ஓர் ஒப்பீட்டு அலசல்

எங்கள் வீட்டு மேசைக் காலில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அரைநிலா வடிவில் ஒரு பள்ளம் இருக்கிறது. உளி வைத்துச் செதுக்கியது போல அவ்வளவு நேர்த்தி. செதுக்கியவருக்கு எடை ஒன்றரைக் கிலோ, காது மட்டும் கொஞ்சம் நீளம். கூண்டைத் திறந்து வீடு முழுக்கத் திரியவிட்ட முதல் மாதத்திலேயே அந்த வேலை முடிந்திருந்தது. அடுத்தது கதவுநிலை. அதற்கடுத்தது சுவரடிப் பலகை.

முயல் வளர்ப்பவர்களிடம் யோசனை கேட்டால் ஒருவர் கசப்புத் தெளிப்பான் என்பார், இன்னொருவர் கம்பித் தடுப்பு என்பார், மூன்றாமவர் 'கொறிக்க நிறையக் கொடு, அடங்கிவிடும்' என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அவரவர் சாதிப்பார்கள். அதற்குள் நம் மேசைக்கு மூன்றே கால் ஆகிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது எங்கே செல்லும், எது எங்கே பல்லிளிக்கும் என்பது இது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவிடலாம். 'பல் வளர்ந்துகொண்டே இருக்கிறது, தேய்க்கத்தான் மரத்தைக் கடிக்கிறது' என்பார்கள். முதல் பாதி உண்மை. முயலின் 28 பற்களும் ஆயுள் முழுக்க வளரும். முன்பற்கள் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை. ஆனால் பல் தேய்வது பெரும்பாலும் புல் மெல்லும்போதுதான். தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி, மணிக்கணக்கில் நார்ப்புல்லை அரைக்கும் வேலை அது. மரம் கடிப்பதற்குக் காரணங்கள் வேறு: சலிப்பு, இளவயதுத் துறுதுறுப்பு, இது என் எல்லை என்ற உரிமை, போகிற பாதையில் இருக்கும் தடையை வெட்டி வழி செய்யும் பழக்கம். பல் மருத்துவம் என்று எண்ணி மேசைக் காலைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை. இன்னொன்று, முயல் எலியைப் போன்ற கொறிணியும் அல்ல. 1912இல் அதைத் தனி வரிசையில் வைத்தார்கள். மேல் முன்பற்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இரண்டு குட்டிப் பற்கள் அதற்கு அடையாளம். மேசைக்கு இந்த வகைப்பாட்டால் எந்த ஆறுதலும் இல்லை.

இரண்டாவது விஷயம், எனக்குத் தாமதமாகப் புரிந்தது. முயலால் தட்டையான பரப்பை எளிதில் கடிக்க முடியாது. நடுச்சுவரிலோ அலமாரிக் கதவின் நடுவிலோ பல் பதிந்த தடம் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இருக்காது. மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் நடுவே ஏதாவது சிக்க வேண்டும். பலகையின் மேல் ஓரம், கதவுநிலையின் மூலை, நாற்காலிக் குறுக்குச்சட்டம், பலகை மேல் ஒட்டிய மெல்லிய மரத்தாளான வெனீர் உரிந்து தூக்கிய நுனி, இவைதான் அதற்கு வாசல். ஆகவே எந்த வழியை எடைபோட்டாலும் என் கேள்வி ஒன்றுதான்: இது விளிம்பை மறைக்கிறதா, இல்லை புது விளிம்பு ஒன்றை உண்டாக்குகிறதா?

கசப்பா, கவசமா?

கடைசியில் எல்லோரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். கசப்புத் தெளிப்பான் எளிது. ஒரு புட்டி, இரண்டு அழுத்து, வேலை முடிந்தது. இவற்றில் பலவற்றில் இருப்பது டெனட்டோனியம் என்ற வேதிப்பொருள். 1958இல் ஸ்காட்லாந்தில் உணர்வை மரத்துப்போக வைக்கும் மருந்துகளை ஆராயும்போது தற்செயலாக அகப்பட்டது. பத்து லட்சத்தில் பத்துப் பங்கு கலந்தாலே மனிதரில் பெரும்பாலோரால் வாயில் வைக்க முடியாது. நான் தெளித்துவிட்டுக் கையைக் கழுவ மறந்து எதையோ சாப்பிட்டேன். அன்று முழுக்க நாக்கு என்னோடு பேசவில்லை.

முயல்? முகர்ந்து பார்த்தது, இரண்டு முறை மூக்கைச் சுருக்கியது, கடித்தது. இலை தின்று வாழும் விலங்குக்குக் கசப்பு புதிதில்லை. டான்டலியன், சிக்கரி போன்ற கசப்புக் கீரைகளை ஆசையாகத் தின்னும் சாதி அது. சில முயல்கள் விலகிப் போவதும் உண்டு என்பதை மறுக்கவில்லை. அப்படி விலகினாலும் தெளித்தது காய்ந்து, துடைபட்டுப் போக, திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். சில தெளிப்பான்களில் ஆல்கஹால் இருக்கும்; மெருகு பூசிய மரத்தில் அது வெள்ளைத் திட்டு விடும். முயலிடமிருந்து காப்பாற்றப் போய் நாமே கறையாக்கிய கதை.

சோப்புக் கட்டியை விளிம்பில் தேய்ப்பது கசப்பின் ஏழைத் தங்கை. ஓரிரு நாள் ஓடும். மிளகாய்த்தூள், வாசனை எண்ணெய், அந்துருண்டை மூன்றையும் ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. அந்த மூக்கை எரிய வைப்பது கொடுமை. அந்துருண்டை நேரடியாக நஞ்சு.

கவசம் கசப்பைவிட எல்லா வகையிலும் மேல். ஆனால் எந்தக் கவசம் என்பதில்தான் சூட்சுமம்.

அட்டையில் தொடங்கினேன். மேசைக் காலைச் சுற்றி அட்டை, மேலே ஒட்டுநாடா. நான்கு நாளில் அட்டை தூள். தோற்றதற்குக் காரணம் அட்டை மென்மையானது என்பது மட்டுமல்ல. முயலுக்கு அட்டை என்றால் விளையாட்டுப் பொருள். அதைக் காலில் சுற்றுவது 'இங்கே கடி' என்று பலகை எழுதி மாட்டுவதற்குச் சமம். ஒட்டுநாடாவின் பசையும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும். துணி சுற்றுவது இன்னும் மோசம். நூல் நூலாக விழுங்கிவிட்டால் குடல் அடைக்கும். முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது பிவிசி குழாய். நீளவாக்கில் ஒரு பக்கம் அறுத்து, விரித்து, நாற்காலிக் காலில் மாட்டினால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். உருளையான, மெலிந்த காலுக்கு இதைவிட நல்லது இல்லை. வெட்டு வாய் சுவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், அறுத்த ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்திருக்க வேண்டும். இரண்டையும் நான் முதலில் செய்யவில்லை. வெட்டு வாயே புது விளிம்பாகி, அங்கிருந்து சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் உரிந்தது. சதுரக் காலுக்கு இது பொருந்தவும் பொருந்தாது.

சுவரடிப் பலகைக்கு அக்ரிலிக் தகடு, அதாவது கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக். பார்வைக்கு இதுதான் முதலிடம், இருப்பதே தெரியாது. மூன்று மில்லிமீட்டர் கனமாவது வேண்டும். மெல்லியது கீறி, கூரான துண்டாக உடையும். தகடு தரையைத் தொட்டு நிற்க வேண்டும், மேலே சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் மூக்கு நுழையும், பிறகு பல். உயரம் எவ்வளவு என்றால், முயல் பின்காலில் எழுந்து நிற்கும் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். நடுத்தர முயலே அரை மீட்டர் எட்டும். பலகையின் உயரத்துக்கு மட்டும் தகடு வெட்டியவர்கள் மேல் ஓரத்தில் தடம் பார்ப்பார்கள்.

கதவுநிலை, அலமாரி மூலை, சதுரக் கால் இவற்றுக்கு அலுமினிய எல்-ஆங்கிள், அதாவது ஆங்கில எல் எழுத்துப் போல மடங்கிய பட்டை. அடித்துச் சொல்கிறேன், இவ்வளவு நாள் போராட்டத்தில் ஒரு தடவைகூடத் தோற்காதது இது ஒன்றுதான். மூலையையே மூடிவிடுவதால் பல்லுக்குப் பிடிமானம் கிடைக்காது. வெட்டிய முனையை அரத்தால் மழுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் முயலின் உதட்டையும் நம் காலையும் கிழிக்கும். குறை ஒன்று: வீடு கொஞ்சம் சரக்கு லிஃப்ட் மாதிரி ஆகிவிடும். வாடகை வீட்டில் திருகாணி அடிக்க முடியாது. இருபக்க ஒட்டுநாடாவில் ஒட்டினால் கழற்றும்போது சாயம் கூடவே வரும்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது சாய்ப்புப் பலகை. சாயம் பூசாத மரப்பலகை ஒன்றைச் சுவரோரம் நிறுத்தி, முன்னால் சாமானின் எடையைக் கொடுத்துவிடுங்கள். ஆணி வேண்டாம், பசை வேண்டாம். கடித்தாலும் அந்தப் பலகையைத்தானே கடிக்கிறது!

தடுப்பு: யாரைச் சுற்றி?

கம்பித் தடுப்பில் இரண்டு கட்சி. முயலைச் சுற்றி வேலி போடுவது ஒன்று, சாமானைச் சுற்றிப் போடுவது மற்றொன்று. புத்தக அலமாரி மாதிரி ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதற்கு இரண்டாவதுதான் சரி. ஆனால் கம்பியை மரத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். கண்ணி வழியாகப் பல் எட்டும். நாலு விரற்கடையாவது தள்ளி நிற்கட்டும். கண்ணி பெரிதாக இருந்தால் குட்டி முயல் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும்.

முயலைச் சுற்றிய வேலிக்கு 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். அறுபதைச் சில முயல்கள் நின்ற இடத்திலிருந்தே தாண்டும். நாள் முழுக்க உள்ளே வைத்தால் அப்புறம் 'திரியவிட்ட முயல்' என்று சொல்வதில் பொருளில்லை. சலித்துக் கம்பியையே கடித்துப் பல்லைக் கோணலாக்கிக்கொள்ளும். நாம் தூங்கும்போதும் வெளியே போகும்போதும் மட்டும் போதும். முயல் விடியலிலும் அந்தியிலும்தான் உச்சத்தில் இருக்கும். எங்கள் மேசைக் கால் செதுக்கப்பட்டது எல்லாமே, வீட்டில் யாரும் கண் விழிக்காத விடிகாலையில்தான். அந்த இரண்டு மணி நேரத்தை வேலிக்குள் வைத்ததுமே சேதம் பாதிக்கு மேல் நின்றுவிட்டது. அலுமினியம் தவிர மற்ற கவசங்கள் அதற்குப் பிறகுதான் தாக்குப்பிடிக்கத் தொடங்கின.

மாற்று கொடுப்பதும் மனம் மாற்றுவதும்

'கொறிக்க வேறு கொடு' என்பது நல்ல யோசனை, தனியாக நின்றால் தோற்கும் யோசனை. காய்ந்த புல் எந்நேரமும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதில் சமரசமே இல்லை. ஆப்பிள், வில்லோ கிளைகள் கொடுக்கலாம். செர்ரி, பிளம், பீச் போன்ற கொட்டைப்பழ மரங்களின் பச்சைக் கிளை வேண்டாம், அவற்றில் சயனைடு தரும் பொருள் உண்டு. அரளி பக்கமே போக வேண்டாம். கடைப் பொம்மை தூங்கும், மேசைக் கால் தேயும் என்று புலம்புபவர்கள் பொம்மையை எங்கே வைத்தார்கள் என்று பார்த்தால், அறையின் நடுவில். கடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில், அசையாமல் கட்டி வைத்தால்தான் மாற்று மாற்றாகும். உருண்டோடும் குச்சியில் பல்லுக்குப் பிடி இல்லை.

திட்டுவது, கைதட்டுவது? அந்த நொடிக்கு நிற்கும். முயல் என்ற சொல்லே முயற்சி செய் என்றுதான் ஏவுகிறது. நாம் திரும்பியதும் மறுபடி முயலும். தண்ணீர் பீய்ச்சினால் மரம் தப்பாது, நம்மைக் கண்டால் ஓடும் பழக்கம் மட்டும் வரும். எங்களுடையது கவனத்தை இழுக்கவே கதவுநிலையைக் கடிக்கக் கற்றுக்கொண்டது. கடித்தால் எழுந்து வருகிறேன் என்பதைக் கண்டுபிடித்துவிட்டதே!

கருத்தடை அறுவை இந்த வரிசையில் சேராதது போலத் தோன்றும். ஆனால் பருவமடைந்த பெண் முயல் கூடு கட்டும் வேகத்தில் சோபாவைத் தோண்டுவதை எந்த அலுமினியமும் நிறுத்தாது. அறுவைக்குப் பின் சில வாரங்களில் அந்த வேகம் தணியும். பெண் முயலுக்கு அதிகமாக வரும் கருப்பைப் புற்றுநோயும் தவிரும். கடிப்பது அடியோடு நின்றுவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

சாமானைப் பொறுத்தும் கணக்கு மாறும். முழு மரம் என்றால் பள்ளத்தை மரப்பட்டி என்ற நிரப்புக் கலவை வைத்து நிரப்பி, தேய்த்து, மெருகேற்றிவிடலாம். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப், வெனீர் ஒட்டிய பலகை என்றால் ஒரு மூலை போனால் போனதுதான். உள்ளே இருக்கும் பசையும் முயலுக்கு ஆகாது. ஆகவே முதல் கவசம் விலை உயர்ந்த மரத்துக்கு அல்ல, மலிவுப் பலகைக்கு. பழைய வீட்டில் பழைய சாயம் பூசிய கதவுநிலை என்றால் ஈயம் இருக்கக்கூடும், அதை எப்பாடுபட்டாவது மூடுங்கள். பிரம்பு நாற்காலியை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். முயல் கண்ணில் அது சாமான் இல்லை, சாப்பாடு. சோபாவின் அடித்துணியைக் கிழித்து உள்ளே குடியேறும் பழக்கமும் உண்டு. நான்கு பக்கமும் பலகை அடைத்துவிடுவது ஒன்றே வழி, அடைக்குமுன் உள்ளே யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு. சாய்வு நாற்காலி இருக்கும் வீட்டில் அதன் இயங்கும் சட்டத்துக்குள் முயல் புகுந்து நசுங்கிவிடும் ஆபத்தையும் நினைவில் வையுங்கள். மின்கம்பியைப் பற்றி இங்கே பேசவில்லை. அதற்கு உறை போடாமல் முயலைத் திறந்தே விடக்கூடாது.

இன்றைக்கு எங்கள் வீட்டு நிலவரம்: கதவுநிலைகளில் அலுமினியம், சுவரோரம் அக்ரிலிக், நாற்காலிகளில் பிவிசி, விடிகாலையில் வேலி. அந்த மேசைக் காலுக்கு மட்டும் வேறு ஏற்பாடு. பள்ளம் இருந்த பக்கத்தில் சாயமில்லாத பைன் பட்டை ஒன்றைத் திருகாணியால் பொருத்தியிருக்கிறேன், விளிம்பு வெளியே தெரியும்படி வேண்டுமென்றே. அதைக் கடித்தால் யாரும் எழுந்து வருவதில்லை. தேய்ந்ததும் கழற்றிவிட்டு வேறு பட்டை. இப்போது மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது.