கடைக் கூரைக்கு எடுத்த பசுமைக் கடன்: ஓராண்டுக்குப் பிறகு

கண்டி நகரில் நான் நடத்தும் போட்டோ கொப்பி கடையின் கூரையில் 5 கிலோவாற்று சூரிய மின்தொகுதி பொருத்துவதற்காக, வங்கியொன்றின் பசுமைக் கடனை 2024ஆம் ஆண்டு கைத்தொலைபேசிச் செயலி வழியாகப் பெற்றேன். இத்தகைய கடனின் நிறைகுறைகள் பணம் கிடைத்த வாரத்தில் தெரிவதில்லை என்பதால், ஓராண்டுக்கு மேல் தவணை கட்டிய பிறகே இதை எழுதுகிறேன்.

விண்ணப்பிக்கும் முறையில் பெரிய குறையில்லை. மின்பட்டியல், அடையாள அட்டை, காணி உறுதி ஆகியவற்றைப் படம்பிடித்து அனுப்பினேன். மை மங்கிய பழைய உறுதியைச் செயலி இரண்டு முறை ஏற்க மறுத்ததால், அதற்காக மட்டும் கிளைக்குச் செல்ல நேர்ந்தது. முகப்பு தமிழில் இருந்தும், கையொப்பமிட வேண்டிய நிபந்தனைப் பக்கம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. இதை வங்கி உடனே திருத்த வேண்டும். பணம் நேரடியாகப் பொருத்துநரின் கணக்குக்கே சென்றது. கடன் வேறு செலவுக்குத் திரும்பாமல் தடுக்கும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

தகடுகளின் மின்சாரத்தைக் கடையில் பயன்படுத்தக்கூடியதாக மாற்றும் இன்வேர்ட்டருக்குரிய செயலி, எத்தனை கிலோகிராம் கரியமிலவாயுவைத் தவிர்த்திருக்கிறேன் என்று நாள்தோறும் காட்டுகிறது. உற்பத்தியான அலகுகளை ஒரு மாறாத எண்ணால் பெருக்கித்தான் அது அவ்வாறு சொல்கிறது. ஆனால் நீர்மின் உற்பத்திக்கான காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் வான்பாயும் மழைமாதத்தில் என் கூரையின் ஓர் அலகு நீர்மின்சாரத்துக்கே மாற்றாகிவிடக்கூடும். நீர்மட்டம் இறங்கி நுரைச்சோலை மின்நிலையத்தின் நிலக்கரியையும் எண்ணெயையும் நாடு கூடுதலாக நம்பியிருக்கும் மாசி, பங்குனி வெயிலில் அதே அலகின் பயன் மிகப் பெரிது. ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கரியமிலவாயு உமிழ்வு குறைகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

நகரக் காற்றின் கதை வேறு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. டியூஷன் முடிந்து வந்த பிள்ளைகள் வினாத்தாள்களுடன் கடைவாசலில் வரிசையாக நின்றார்கள். கூரையில் உச்சி வெயில். தகடுகளிலிருந்து ஓர் அலகும் வரவில்லை. கம்பிகளில் வேலை செய்வோருக்கு ஆபத்து நேராதிருக்க, பொது மின்கட்டமைப்பு நின்றதும் சாதாரண இன்வேர்ட்டர் தானாகவே நின்றுவிடும். 2022இல் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்த காலத்தில் வாங்கிய டீசல் மின்பிறப்பாக்கியையே மீண்டும் இயக்கினேன். அதன் புகைக்குழாய் நடைபாதையை நோக்கியிருக்கிறது. வரிசையில் நின்ற ஒரு சிறுமி வினாத்தாளால் மூக்கை மூடிக்கொண்டாள். மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் அமைந்த கண்டியில் புகை எளிதில் கலைவதில்லை. பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் கக்குவதோடு என் கடையும் தன் பங்கைச் சேர்த்த அந்த நாளை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

மின்சாரம் நிற்கும்போது மின்பிறப்பாக்கிக்குப் பதிலாக உதவும் மின்கலத்துக்கும் கடன் கேட்டேன். பசுமைத் திட்டத்தில் தகடும் இன்வேர்ட்டரும் மட்டுமே அடங்கும், மின்கலத்துக்குக் கூடுதல் வட்டியில் பொதுக் கடன்தான் என்றார்கள். எது பசுமை முதலீடு என்பதை வகைப்படுத்தும் ஆவணத்தை இலங்கை மத்திய வங்கி 2022இலேயே வெளியிட்டுவிட்டது. அப்படியிருக்க, தெருவில் டீசல் புகையை நேரடியாக நிறுத்தக்கூடிய பொருளை இந்த வங்கி ஒதுக்கிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மின்கட்டணத்தைக் குறைப்பது மட்டுமே நோக்கமென்றால் இந்தக் கடனைத் தயங்காமல் எடுக்கலாம். பகலில் இயந்திரங்கள் ஓடும் என் கடைக்கு அது நன்றாகவே உதவுகிறது. மின்பிறப்பாக்கி வைத்திருக்கும் கடைக்காரர்கள், மின்கலம் இணைக்கக்கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டரைத் தொடக்கத்திலேயே விலைமனுவில் சேர்க்கச் சொல்லுங்கள். நான் அதைக் கேட்கத் தவறியதால், இப்போது மின்கலத்தோடு இன்வேர்ட்டரையும் புதிதாக வாங்க வேண்டியிருக்கிறது.