கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு மேக் மினி எம்4: பழைய டவருக்குப் பதில் இதை வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் பெஞ்ச்மார்க் எண்கள் எதுவும் இருக்காது. கல்யாண வீடியோ, ஆல்பம், நடுநடுவே பத்திரிகை, பேனர் என்று எது வந்தாலும் செய்யும் சின்ன ஸ்டுடியோ என்னுடையது. அங்கே பல வருஷம் உழைத்த அசெம்பிள்ட் டவருக்குப் பதில் என்ன வாங்குவது என்று அலசி, கடைசியில் ஆப்பிளின் குட்டி கம்ப்யூட்டரான மேக் மினி எம்4 வாங்கினேன். எதனால் அதை எடுத்தேன், எது பிடித்தது, எது கடுப்பேற்றுகிறது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

பழையது இன்டெல் ஐ7-4790, 16 ஜிபி டிடிஆர்3 ராம், என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. 2014ல் வந்த ப்ராசஸர். போட்டோஷாப்பில் ஆல்பம் ஷீட் போடுவதற்கு இன்றைக்கும் அதைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் விண்டோஸ் 10க்கு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது, பதிவு செய்தவர்களுக்கு மட்டும் இன்னொரு வருஷம் பாதுகாப்பு அப்டேட். விண்டோஸ் 11 போடலாம் என்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், நம்முடையது நாலாம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று சொல்லும் ஆள் எல்லா ஊரிலும் உண்டு, அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை வைத்திருக்கும் மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என்விடியாவும் 10 சீரிஸ் கார்டுகளுக்குப் புது டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனி அவ்வப்போது பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான்.

இதையெல்லாம்கூட இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருப்பேன். தள்ளிப்போட விடாமல் செய்தது கேமரா. இப்போது கேமராமேன்கள் கொண்டுவந்து கொடுக்கும் ஃபுட்டேஜில் பாதிக்கு மேல் 4கே, 10 பிட், 4:2:2, அதுவும் எச்.265 என்ற சுருக்க முறையில். சோனியில் இதை எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பார்கள். கம்ப்யூட்டர் வாங்கும் பேச்சில் யாரும் இந்த 4:2:2 பற்றிச் சொல்வதில்லை, ஆனால் எங்கள் வேலையில் முடிவு செய்யவேண்டிய இடமே அதுதான். சாதாரண வீடியோ 4:2:0, அதாவது நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரு நிறத் தகவல். 4:2:2ல் இரண்டு பிக்சலுக்கு ஒன்று. அரக்குப் பட்டுப்புடவையும் மஞ்சள் லைட்டும் சேர்ந்த முகூர்த்தக் காட்சியைக் கிரேடிங்கில் (நிறத் திருத்தத்தில்) இழுக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும், அதனால் கேமராமேனைக் குறை சொல்ல முடியாது. சிக்கல் என்னவென்றால், இந்தக் கோப்பைப் பிரித்துக் காட்டுவதற்குச் சிப்பிலேயே தனிப்பகுதி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் முழு வேலையும் ப்ராசஸர் தலையில் விழும், டைம்லைன் திக்கித் திக்கி ஓடும், ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் செய்துகொள்ளும் லேசான நகல்) போட்டுவிட்டு டீ குடிக்கப் போகவேண்டியதுதான்.

சரி, யாரிடம் அந்தத் தனிப்பகுதி இருக்கிறது? இன்டெலில் 11ஆம் தலைமுறையிலிருந்து, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில், குவிக் சிங்க் என்ற பெயரில் இருக்கிறது. என்விடியாவில் 2025ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸிலிருந்துதான். 30, 40 சீரிஸ் கார்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் 4:2:2க்குக் கைகொடுக்காது. ஆப்பிள் சிப்புகளில் எம்1 காலத்திலிருந்தே இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் விலை கேட்டால் வேடிக்கையாக இருக்கும். எடிட்டிங்குக்கு மெஷின் வேண்டும் என்றாலே கேமிங் பில்ட் ஒன்றைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்: ஐ5-12400எஃப், ஆர்டிஎக்ஸ் 4060, கண்ணாடிக் கேபினட், கலர் கலராய் எரியும் ஃபேன். அந்த எஃப் என்ற எழுத்தைப் பாருங்கள். உள்ளே கிராபிக்ஸ் இல்லாத ப்ராசஸருக்குத்தான் அது வரும், அதனால்தான் சில ஆயிரம் ரூபாய் குறைவு. கிராபிக்ஸ் இல்லை என்றால் குவிக் சிங்க்கும் இல்லை, கூடவே வரும் 4060க்கும் 4:2:2 தெரியாது. கேம் ஆடுகிறவருக்கு அருமையான மெஷின், எங்களுக்கோ அவ்வளவு செலவு செய்தும் ப்ராக்ஸிதான் கதி. நீங்கள் பிசி பக்கமே போவதானாலும் எஃப் இல்லாத ப்ராசஸராகக் கேட்டு வாங்குங்கள், பில்லிலும் அப்படியே எழுதி வாங்குங்கள்.

ரீஃபர்பிஷ்டு ஒர்க்ஸ்டேஷன் பற்றியும் யோசித்தேன். பெரிய கம்பெனிகள் கழித்துக் கட்டும் டெல், எச்பி டவர்கள், கட்டுமானம் கோட்டை மாதிரி, விலையும் ஆசை காட்டும். ஆனால் மலிவாகக் கிடைப்பதில் நிறைய ஆறாம், ஏழாம் தலைமுறை, அதாவது அதே விண்டோஸ் 11 சுவர். ஜியான் ப்ராசஸர் என்று பெருமையாகச் சொல்வதில் பலவற்றுக்கு உள் கிராபிக்ஸ் கிடையாது. அப்புறம் ராம் விலை. அசெம்பிள்ட் மெஷினின் பெரிய வசதியே இப்போது 16 போட்டுவிட்டு அடுத்த சீசனில் 32 ஆக்கிக்கொள்ளலாம் என்பதுதான். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, ராம் விலை எகிறியது. க்ரூஷியல் என்ற பெயரில் நாம் வாங்கிக்கொண்டிருந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே விட்டு விலகுவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு அத்தோடு ஆட்டம் கண்டது.

அப்படித்தான் மேக் மினிக்கு வந்தேன், ஆப்பிள் மோகத்தில் இல்லை. 2024 நவம்பரில் வந்த மாடல், இந்தியாவில் அப்போது ஆரம்ப விலை 59,900. அதற்கு 10 கோர் சிபியு, 10 கோர் ஜிபியு, 16 ஜிபி மெமரி, 256 ஜிபி எஸ்எஸ்டி. 12.7 சென்டிமீட்டர் சதுரம், 5 சென்டிமீட்டர் உயரம், பவர் சப்ளை உள்ளேயே. மேஜையில் பார்த்த கஸ்டமர்கள் இதை ஏதோ ஹார்ட் டிஸ்க் என்றுதான் நினைக்கிறார்கள்.

வேலையில் எப்படி? நான் டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற எடிட்டிங் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன், 295 டாலர் ஒரே தரம் கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. மூன்று கேமரா 4:2:2 ஃபுட்டேஜை மல்டிகேமில் போட்டு வெட்டும்போது ப்ராக்ஸி போடவேண்டிய தேவையே வரவில்லை. இதற்காகத்தான் வாங்கினேன், அது கிடைத்துவிட்டது. ஹைலைட்ஸ் எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் போட்டோஷாப்பில் ஷீட் போட முடிகிறது. பழைய டவரில் எக்ஸ்போர்ட் போட்டால் மவுஸைத் தொடவே யோசிக்கவேண்டும். நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கனமாகப் போட்டால் மட்டும் இதுவும் மூச்சு வாங்குகிறது, மண்டபத்து இருட்டில் எடுத்த ரிசப்ஷன் என்றால் பொறுமை வேண்டும். ஃபேன் சத்தம் காதுக்கு எட்டுவதில்லை.

கரண்ட் விஷயம் நம் ஊருக்கு முக்கியம். சும்மா இருக்கும்போது சுமார் 4 வாட், உச்சத்தில் 65 வாட் என்று ஆப்பிள் சொல்கிறது. சாதாரண 600 விஏ யூபிஎஸ் இதற்குத் தாராளம். பவர் பட்டன் அடிப்பக்கம் மூலையில் இருக்கிறது என்று ஊரே சிரித்தது, நியாயம்தான், ஆனால் தினமும் அதைத் தொடுவதே இல்லை. கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி செட்டிங்கில் வைத்துக்கொள்ளலாம்.

இனி குறைகள். 256 ஜிபி என்பது எங்கள் வேலைக்குக் கேலி. ஒரு கல்யாணத்தின் ரா ஃபுட்டேஜே அதைத் தாண்டிவிடும். 512 வேண்டும் என்றால் அப்போது 79,900, அதாவது கூடுதலாக வரும் 256 ஜிபிக்கு இருபதாயிரம்! இந்த விலையை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது. நான் அடிப்படை மாடலே வாங்கி, பின்னால் இருக்கும் தண்டர்போல்ட் போர்ட்டில் என்விஎம்இ எஸ்எஸ்டி போட்ட எக்ஸ்டர்னல் கேஸ் ஒன்றை மாட்டிவிட்டேன். ப்ராஜெக்ட், கேஷ் (எடிட்டிங்கில் உருவாகும் தற்காலிகக் கோப்புகள்) எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. மெமரியைப் பிறகு கூட்ட வழியே இல்லை, வாங்கும்போது எடுத்ததுதான் ஆயுசுக்கும். சாதாரண யூஎஸ்பி போர்ட் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் டைப் சி, எஸ்டி கார்டு போடவும் இடம் இல்லை. ஆக ஒரு நல்ல ஹப் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மானிட்டர் இன்னொரு மறைமுகச் செலவு. பழைய ஃபுல் எச்டி மானிட்டரை எச்டிஎம்ஐயில் மாட்டினால் படம் வரும், ஆனால் எழுத்து மொழுக்கென்று தெரியும், விண்டோஸில் அதே மானிட்டரில் கூர்மையாக இருந்ததே என்று குழம்புவீர்கள். குறைந்த ரெசல்யூஷன் திரைகளில் எழுத்தைக் கூர்மையாக்கும் வித்தையை ஆப்பிள் 2018லேயே கைவிட்டுவிட்டது. பத்திரிகை மேட்டரில் ணகரமும் னகரமும் பார்த்துப் பிழை திருத்துகிறவருக்கு இது பெரிய தொல்லை. 27 இன்ச் 4கே மானிட்டர் வாங்கும்வரை எனக்கு மேக்கே பிடிக்கவில்லை.

எல்லாவற்றையும்விட அன்றாடம் இடிப்பது என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸ் டிஸ்க்குகளின் ஃபார்மேட். கஸ்டமர் வீட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் கொடுத்து, இதில் காப்பி போட்டுத் தாங்க சார் என்பார்கள். அது பெரும்பாலும் என்டிஎஃப்எஸ்ஸில்தான் இருக்கும். மேக் அதைப் படிக்கும், எழுதாது. உள்ளே அவர்கள் வீட்டுப் பழைய போட்டோ எல்லாம் இருக்கும், ஃபார்மேட் செய்யவும் முடியாது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் உண்டு. நான் அதை டவரில் மாட்டி நெட்வொர்க் கேபிள் வழியாகக் காப்பி போட்டுவிடுகிறேன். புது டிஸ்க் என்றால் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்துவிட்டால் இரண்டு பக்கமும் ஓடும்.

ஆமாம், டவரை நான் விற்கவில்லை. அதற்குக் காரணம் தமிழ் எழுத்துரு. பத்து, பதினைந்து வருஷத்துப் பத்திரிகை மேட்டர் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கிறது. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001ல், அடோபி அதைக் கைகழுவியே இருபது வருஷம் ஆகிறது, ஆனாலும் போன வருஷப் பத்திரிகையில் பெயரை மட்டும் மாத்திக் கொடுங்க என்று வருகிறவரிடம் இந்த வரலாற்றைச் சொல்ல முடியுமா? இன்றைய மேக்கில் பேஜ்மேக்கர் ஓடாது. அந்த எழுத்துருக் கோப்புகளை மேக்கில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அவற்றில் டைப் செய்யப் பழகிய என்எச்எம் ரைட்டர், அழகி போன்றவை விண்டோஸுக்கானவை. யூனிகோடு மட்டும் போதும் என்பவர்களுக்கு நேர் எதிர் அனுபவம்தான்: தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் மேக்கில் உள்ளேயே வருகின்றன, எதையும் தேடி இறக்கவேண்டாம். ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள் கேட்கும் கோரல் ட்ராவுக்கு மேக் பதிப்பு 2019ல் திரும்ப வந்துவிட்டது, இருந்தாலும் எனக்கு டவரில் இருக்கும் பழைய பதிப்பே போதும். இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு, இந்த வேலைகளுக்கு மட்டும் அதை வைத்திருக்கிறேன். ஆல்பம் போட நீங்கள் பயன்படுத்தும் பிளகின் விண்டோஸுக்கு மட்டும் வருகிறதா என்பதையும் ஆர்டர் போடுமுன் பார்த்துவிடுங்கள்.

யாருக்கு இது வேண்டாம் என்றால், பிளெண்டரில் 3டி செய்கிறவர்களுக்கு. அங்கே என்விடியா கார்டுக்கு ஈடு இல்லை, ஆப்பிள் சிப் மேக்குகளில் வெளியிலிருந்து கார்டு மாட்டவும் முடியாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலேயே நாள் முழுக்கக் கிடப்பவர்களும் 16 ஜிபியை நம்பவேண்டாம். அவர்களுக்கு நல்ல பிசி, எஃப் இல்லாத இன்டெல், கையில் முடிந்த அளவு ராம். ஆல்பம் மட்டும் செய்கிறவர்கள் அவசரப்படவே வேண்டாம், எட்டாம் தலைமுறைக்கு மேல் ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷினே இன்னும் சில வருஷம் ஓட்டிவிடும். 4:2:2 ஃபுட்டேஜ் வந்து குவிகிற கல்யாண எடிட்டருக்கு, இந்த விலையில் இதைவிட நிம்மதியான பெட்டியை நான் பார்க்கவில்லை.

வாங்குகிறவர்களுக்கு விலையில் இரண்டு விஷயம். வீட்டில் கல்லூரி மாணவர் இருந்தால் கல்விச் சலுகையில் இந்த அடிப்படை மாடல் வெளியானபோது 49,900க்கே கிடைத்தது, அந்த வழியைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டுடியோவுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் உங்கள் எண்ணைப் போட்டே பில் வாங்குங்கள்; 59,900ல் வரி மட்டும் சுமார் 9,100 ரூபாய், அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். ஆன்லைனில் ஆர்டர் போடும்போதே அந்த எண்ணைக் கொடுத்துவிடுங்கள், பில் வந்தபிறகு மாற்றுவது பெரும்பாடு.