நீல நட்சத்திரத்தின் முன் ஒரு பிற்பகல்: பாரீஸ் லெஜியன் ஆஃப் ஹானர் அருங்காட்சியகம்

ஓர்சே அருங்காட்சியகத்துக்கு எதிரிலேயே இருக்கும் சால்ம் மாளிகைக்குள் கட்டணம் ஏதுமின்றி நுழையலாம். நெப்போலியன் 1802இல் நிறுவிய, பிரான்ஸின் மிக உயரிய விருதான லெஜியன் ஆஃப் ஹானரின் தலைமையகமான இம்மாளிகை, 1871இல் பாரீஸ் கம்யூன் என்ற மக்கள் எழுச்சியின்போது தீக்கிரையாகி, விருது பெற்றவர்களின் நன்கொடையால் மீண்டும் எழுப்பப்பட்டது. இங்குள்ள லெஜியன் ஆஃப் ஹானர் அருங்காட்சியகம் 1925இல் திறக்கப்பட்டது.

பதக்கங்களைக் காலவரிசைப்படி பார்ப்பதில்தான் இந்த இடத்தின் சுவை இருக்கிறது. ஐந்து கைகள் கொண்ட வெள்ளை எனாமல் நட்சத்திரமும் சிவப்பு நாடாவும் நிலைத்திருக்க, நடுவட்டத்து முகம் மட்டும் ஆட்சிக்கு ஆட்சி மாறுகிறது: நெப்போலியன் வீழ்ந்து மன்னராட்சி திரும்பியதும் முற்கால மன்னர் நான்காம் ஹென்றி அங்கே வந்துவிடுகிறார், மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் முதல் நெப்போலியனின் முகமே திரும்புகிறது, 1870இல் மலர்ந்த குடியரசு பெண்ணுருவம் கொண்டு அமர, உச்சியிலிருந்த கிரீடமும் கருவாலி, லாரல் இலைகளாலான வளையமாகிறது. விரல் நுனியளவு வட்டத்துக்குள் ஒரு நாட்டின் நூறாண்டு அரசியலைப் படித்துவிட முடிவது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

இருப்பினும் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது, 1963 டிசம்பர் 3 அன்று அதிபர் து கோல் தோற்றுவித்த தேசிய தகுதி விருதுதான். அஞ்சல், சுற்றுலா, சமூகப் பணி என்று அமைச்சகம்தோறும் பெருகியிருந்த 16 விருதுகளுக்கு மாற்றாக வந்த இதற்கு, சிற்பி மாக்ஸ் லெயோன்யானி வடிவமைத்த ஆறு கை நட்சத்திரமும் நீல நாடாவும் அமைந்தன. நீல எனாமல் கைகளின் இடையே லாரல் இலைகள் பின்னிக் கிடக்கின்றன. பின்புறத்தில் இரு மூவண்ணக் கொடிகளோடு அந்தத் தேதியே பொறிக்கப்பட்டிருக்கிறது.

அன்று ஒழிக்கப்படாமல் தப்பிய சில விருதுகளுள் கலை, இலக்கிய விருதும் ஒன்று. கமல்ஹாசன் 2016இல் பெற்றது அதில்தான். சிவாஜி கணேசன் பெயரோடு சேர்த்தே நம்மவர் அறிந்த ‘செவாலியே’ என்பது விருதின் பெயரன்று, பல பிரெஞ்சு விருதுகளுக்கும் பொதுவான ஒரு படிநிலையின் பெயர் என்பதை இங்கே கண்ணாரக் கண்டு தெரிந்துகொள்ளலாம்: செவாலியேவுக்கு வெறும் நாடா, அடுத்த நிலையான ஒஃபிசியேவுக்கு அதே நாடாவின் மேல் துணிப்பூ, கொமாந்தருக்குக் கழுத்தில் அணியும் பட்டை.

இரண்டு மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு செல்லுங்கள். எனாமல் வேலைப்பாட்டின் நுணுக்கம் கண்ணுக்குப் பிடிபடுவதற்கே சற்று நேரமாகிறது.